சந்தனமாரிக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்பது

ஜன்னலோரம் நீங்களே இருந்துகொள்ளுங்கள் அம்மா, எனக்குக் காற்று ஆகாது. இந்தப் பையை மட்டும் காலடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே ஒன்றுமில்லை, ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு ஜோடி ஷூவும். ஷூ என்னுடையது இல்லை. அதோ, முன்னால் மூன்றாவது சீட்டில் கொய்யாப்பழம் தின்றுகொண்டு ஒரு பையன் இருக்கிறானே, அவனுடையது. பக்கத்தில் இரட்டைச் சடை போட்டவளும் என் பிள்ளைதான். பெற்ற பிள்ளைகள் இல்லை. ஆவரங்குளம் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். இருபத்தாறு வருஷம் ஆகிறது. அந்த ஊரில் இன்றைக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவர்களெல்லாம் என்னிடம் வாய்ப்பாடு சொன்னவர்கள்.

அப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்து, ஜனங்கள் நிற்கிற மைதானத்தில் வைத்து, "நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க டீச்சர்" என்று ஒரு மனிதர் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது சொல்ல வேண்டாம், முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களுடையது ரெண்டு டீச்சர் உள்ள பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டர் செல்வின் சார் ஒன்று, இரண்டு, மூன்றைப் பார்த்துக்கொள்வார். நாலும் அஞ்சும் எனக்கு. விளையாட்டுக்கென்று தனியாக மாஸ்டர் கிடையாது, ஆரம்பப் பள்ளிக்கு யார் போடுகிறார்கள்? ஆனால் டைம்டேபிளில் இருக்கும். புதனும் வெள்ளியும் கடைசிப் பீரியட், உடற்கல்வி. அதை நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா, எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான். ஓடுவதற்குப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? நிற்க வைப்பதுதான் பாடு. வகுத்தல் அப்படியா? ஒரு பிள்ளையும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஆடி மாசம் ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஐம்பது மீட்டரை எத்தனை விநாடியில் ஓடுகிறது என்று போனில் ஏற்ற வேண்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள். செல்வின் சார் மூன்றரை மணிக்கு வந்து வாசலில் நிற்கிறார். அவர் நல்லவர், ஆனால் எதற்கெடுத்தாலும் கைக்குட்டையை எடுத்துவிடுவார்.

"டீச்சர், உங்க இருபத்தெட்டு பேருக்கும் விநாடி வேணும்."

"விநாடிக்கு நான் எங்க சார் போறது?"

"ஓட விட்டுப் பாக்கணுமாம்."

"மழை தூறுது. வகுத்தல் பாதியில நிக்குது. அரை மணி நேரம் குடுங்க, தாறேன்."

அரை மணி எதற்கு, கால் மணியில் முடித்துவிட்டேன். நான் பொய் எழுதவில்லை அம்மா, முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள். பொய் என்றால் வாய்க்கு வந்ததை எழுதுவது. நான் ஒரு முறை வைத்து எழுதினேன். மாதத் தேர்வு ரேங்க் லிஸ்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முதல் ரேங்க் கௌசிகன், அதான் அந்தக் கொய்யாப்பழம், அவனுக்கு ஏழு புள்ளி ஐந்து. அடுத்த ரேங்குக்குப் புள்ளி இரண்டு கூட்டினேன், ஏழு புள்ளி ஏழு. அப்படியே இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் இருபத்தெட்டாவது ரேங்க், சந்தனமாரி, பன்னிரண்டு புள்ளி ஒன்பது. பாடத்தில் கவனமாக இருக்கிற பிள்ளை ஓட்டத்திலும் கவனமாகத்தானே ஓடும்? அடித்தல் திருத்தல் இல்லாமல், பார்க்கவே அழகாக இருந்தது. செல்வின் சார்கூட, "நீட்டா இருக்கு டீச்சர்" என்றார்.

லிஸ்டைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. ஒட்டினோம். பிள்ளைகள் கூடி நின்று பார்த்தன. "எப்ப டீச்சர் பாத்தீங்க?" என்று ஒன்று கேட்டது. "காலையில மணியடிச்சதும் பிரேயருக்கு ஓடி வருவீங்கள்ல, அப்பப் பாத்தேன்" என்றேன். என்னிடம் அதற்கு மேல் யார் கேட்பார்கள்?

இந்தச் சந்தனமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளால் நடக்கவே முடியாது. அதாவது, எங்கே போனாலும் ஓட்டம்தான். கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால் ஓடி வருவாள், சாப்பாட்டுத் தட்டைக் கழுவ ஓடுவாள். தீப்பெட்டி ஆபீஸ் வேனில் அவள் அம்மா வேலை முடிந்து வந்து இறங்குகிற சத்தம் கேட்டால் போச்சு, பையை மறந்துவிட்டு ஓடுவாள். "ஏட்டி மாரி, ஓடாதே" என்று நான் சொன்னதை எண்ணியிருந்தால் லட்சம் தாண்டும். லிஸ்ட் ஒட்டின மறுநாளிலிருந்து அவளிடம் ஒரு மாற்றம். நடக்க ஆரம்பித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக, பெரிய மனுஷி மாதிரி. பக்கத்துப் பிள்ளை "ஓடு ஓடு, மணியடிச்சாச்சு" என்றால், "நான் பன்னெண்டு புள்ளி ஒம்போதுல்லா" என்பாள். கொஞ்சம் அடக்கம் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ரெண்டு வாரம் கழித்து வட்டாரக் கல்வி ஆபீஸிலிருந்து போன். எங்கள் பிள்ளை கௌசிகன், வட்டாரத்திலேயே வேகமாம். மாவட்ட ஓட்டப் பந்தயத் தேர்வுக்கு வர வேண்டுமாம். கூட ஒரு பெண் பிள்ளையும் வரலாமாம். செல்வின் சார் போனை வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

"டீச்சர், இவன் ஓடி நான் பாத்ததே இல்லையே. சாப்பாட்டு மணிக்குக்கூட நடந்துதான வருவான்."

"அதான் சார் பொறுமை. ஓட்டத்துக்கு அது ரொம்ப முக்கியம்."

"உண்மையச் சொல்லிருவமா?"

"எந்த உண்மைய சார்?"

அவர் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். எனக்கு அடுத்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் பிரமோஷன் வர வேண்டியது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால் அது போய்விடும். ஆனால் நான் அதை நினைக்கவில்லை அம்மா. பள்ளிக்கூடத்துப் பெயரைத்தான் நினைத்தேன். அப்புறம் அந்தப் பையன். பிரேயரில் பெயரைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். அவன் அப்படியே நின்று தன் காலைக் குனிந்து பார்த்தான். யாரோ கொடுத்த பரிசைப் பார்க்கிற மாதிரி. வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா சந்தையில் ஷூ வாங்கிவிட்டாள், வளரட்டும் என்று ரெண்டு சைஸ் பெரிசாக. கணக்கு நோட்டு அட்டைக்குள் 7.5 என்று எழுதி, சுற்றிலும் பூ வரைந்து வைத்திருந்தான். அவனிடம் போய் நான் என்ன சொல்வேன்?

அதனால் பயிற்சி கொடுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக உடற்கல்விப் பீரியடை உடற்கல்விக்கே கொடுத்தேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்தார்.

முதல் நாளே வம்பு. கௌசிகன் மீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்திலிருந்து கேட் வரைக்கும் அளந்துவிட்டான். எந்தப் பிள்ளைக்கு இந்தப் புத்தி வரும்? நான் வளர்த்த பிள்ளை.

"டீச்சர், முப்பத்தெட்டு மீட்டர்தான் இருக்கு."

"சரி."

"அம்பது மீட்டர் நான் எங்க வச்சு ஓடினேன்?"

"ஓடுறவனுக்குத் தெரியாது. பாக்குறவங்களுக்குத்தான் தெரியும். போய் லைன்ல நில்லு."

தனியாக ஓடினால் அவன் பாதியில் நின்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறான். கூட ஓட ஒரு ஆள் வேண்டும். மற்றப் பையன்களைப் போட்டால் முந்திவிடுவார்கள், பையன் மனசு உடைந்துபோகும். சந்தனமாரியைக் கூப்பிட்டேன். "ஏட்டி, நீ இவன்கூட ஓடணும். முந்தக் கூடாது. எட்டு வைக்கிறதுல பாதி, அரை எட்டு பின்னாலதான் வரணும், வெளங்குதா?" என்றேன். "சரி டீச்சர்" என்றாள். பாடத்தில் ஒரு சொல்லை எழுதச் சொன்னால் மூன்று பிழை விடுகிறவள், இதை ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரம் அம்மா, அவன் மெதுவாகப் போனால் இவளும் மெதுவாக, அவன் வேகமாகப் போனால் இவளும் வேகமாக, அந்த அரை எட்டு மாறவே மாறாது. அவன் மூச்சு வாங்கி வந்து நிற்பான். இவள் சடையை முறுக்கிக்கொண்டு நிற்பாள்.

கேட்டைத் திறந்து ரோட்டில் பன்னிரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ளலாம் என்று கௌசிகன்தான் யோசனை சொன்னான். செல்வின் சார் போனில் நேரம் பார்த்தார். பதினொன்று புள்ளி எட்டு.

"உங்க போன் பழசு சார்" என்றேன்.

"போன மாசம் வாங்குனது டீச்சர்."

இன்றைக்குக் காலையில் கிளம்பினோம். கூட ஒரு பெண் பிள்ளையை அனுப்பச் சொல்லி நேற்றே ரெண்டாவது ரேங்க், நாலாவது ரேங்க் வீட்டுக்கெல்லாம் போனேன். அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். கௌசிகனோடு ஓடிப் பழகியவளாயிற்றே என்று சந்தனமாரியைக் கூட்டிக்கொண்டேன். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டு. கௌசிகன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். சுவரில் ஒட்டின லிஸ்டைப் பார்த்து முழுக்க எழுதி வைத்திருக்கிறான், இருபத்தெட்டு பேரையும்.

கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினான். அப்புறம் மெதுவாக, "டீச்சர், இது அமைப்பு" என்றான்.

"என்ன அமைப்பு?"

"நாம படிச்சோம்லா, ரெண்டு நாலு ஆறுன்னு ஒரே மாதிரி கூடிட்டே போகும்னு. இது புள்ளி ரெண்டு புள்ளி ரெண்டா கூடுது. ஒரு எடத்துலகூட மாறல. ரேங்க் வரிசையில."

அம்மா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புள்ளி வைத்த எண் அவனுக்குப் பாடத்திலேயே இன்னும் வரவில்லை. தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருத்தனாவது இப்படி வெளியில் இருக்கிற ஒன்றில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தானா? "வெரி குட்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அவன் சிரிக்கவில்லை. "அப்ப நான் ஓடலையா டீச்சர்?" என்றான்.

பஸ்ஸில் கூட்டம். டிக்கெட் எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தேன். டிக்கெட் கையிலேயே இருந்தது.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "ஏ மாரி, ஒனக்குப் பன்னெண்டு புள்ளி ஒம்போது இல்ல. அது ஒன் ரேங்க்" என்றான்.

"அப்ப எனக்கு எவ்வளவு?"

"தெரியாது. யாரும் பாக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. "காலை ஆட்டாதே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மைதானம் என்றால் மைதானம், கண்ணுக்கு எட்டின வரைக்கும். அங்கே ஒரு பி.டி. மாஸ்டர், வெயிலில் கறுத்து, கழுத்தில் விசிலோடு. பெயர் கேட்டார், எழுதினார். "ஏழு புள்ளி அஞ்சா? யாரு அது?" என்று எழுந்து நின்றே பார்த்தார். கௌசிகன் முன்னால் போய், "சார், எனக்குப் பதினொண்ணு புள்ளி எட்டு. ஏழு புள்ளி அஞ்சு அமைப்புல வந்தது" என்றான். நான் நடுவில் புகுந்து, "பையன் கொஞ்சம் பதட்டமா இருக்கான் சார்" என்றேன்.

அவன் ஓடினான். ஷூவைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினான். கடைசிதான். ஆனால் பாதியில் நின்று யோசிக்கவில்லை. நேராக நேரம் பார்க்கிறவரிடம் போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தான். "டீச்சர், பதினொண்ணு புள்ளி மூணு! புள்ளி அஞ்சு கொறைச்சிருக்கேன்!" முகமெல்லாம் பல். முதல் ரேங்க் வாங்கினபோதுகூட அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, கடைசியாக வந்ததற்கு.

அடுத்தது பெண் பிள்ளைகள். ஆறு பேர் நின்றார்கள். விசில் ஊதினதும் நீலச் சட்டை போட்ட ஒரு பிள்ளை முன்னால் போனது. சந்தனமாரி அதற்கு அரை எட்டு பின்னால். எனக்கு அந்த அரை எட்டைப் பார்த்தால் தெரியும் அம்மா, மூன்று வாரம் பார்த்திருக்கிறேன். நீலச் சட்டை வேகம் எடுத்தால் இவளும் எடுக்கிறாள். அது களைத்துக் கொஞ்சம் குறைந்தது, இவளும் குறைத்துக்கொண்டாள். கோட்டைத் தொடுகிற வரைக்கும் அந்த அரை எட்டு. நீலச் சட்டைப் பிள்ளை முட்டியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறது. இவள் சடையை முறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

பி.டி. மாஸ்டர் அவளிடம் வந்தார். தேர்வாகிறது ஒரு பிள்ளைதான், முதலில் வந்தது.

"ஏம்மா, நீ ஏன் முந்தல?"

"முந்தக் கூடாது சார்."

"யாரு சொன்னா?"

அவள் என்னைக் கைகாட்டினாள். நன்றியில்லாமல் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான் சொன்னேன், "அது வந்து சார், அது வேற, பயிற்சிக்காக, ஒரு பையனோட மனசு..." அப்போதுதான் அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொன்னார். "நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க டீச்சர்." எல்லாரும் பார்க்கிறார்கள். கீழ்ப்படிகிற பிள்ளையை உருவாக்குவது ஒரு தப்பா? இவர் விசில் ஊதினால் மட்டும் பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டாமா?

"ஸ்கூல்ல பி.டி. பீரியட் இருக்கா?" என்று கேட்டார், என்னிடம் இல்லை, கௌசிகனிடம்.

"இருக்கு சார். வாரத்துக்கு ரெண்டு."

"அதுல என்ன செய்வீங்க?"

"கணக்கு சார்" என்றான். என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே சொன்னான், பாவி.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "தனியா ஒரு தடவ ஓட விடுறேன். நீங்களே சொல்லுங்க அவகிட்ட. நான் சொன்னா அவ கேக்க மாட்டா போலருக்கு" என்றார்.

என்ன பெரிய விஷயம், ஒரு வார்த்தை. ஆனால் வாயெல்லாம் மைதானத்துத் தூசி. தண்ணீர் குடித்துவிட்டு அவளிடம் போனேன். "மாரி, ஓடும்மா" என்றேன்.

"எவ்வளவு டீச்சர்?"

"உன்னால முடிஞ்ச மட்டும்."

"யாருக்குப் பின்னால?"

"யாருக்கும் பின்னால இல்ல."

அதைக் கேட்டுவிட்டு அவள் கோட்டில் போய் நின்றாள். விசில் ஊதினது எனக்குக் கேட்டது. நான் புடவைத் தலைப்பைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தேன், அவள் அங்கே இல்லை. அந்தக் கோடியில் இருக்கிறாள். நேரம் பார்த்தவர் கடிகாரத்தைக் குலுக்கிப் பார்த்தார். ஏழு புள்ளி ஒன்பது.

தேர்வான பிள்ளைகளுக்கு நடக்கிற பத்து நாள் பயிற்சி முகாமுக்கு அவள் பெயரையும் எழுதிக்கொண்டார். அப்புறம் என்னிடம் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தெட்டு பேருக்கும் நிஜமாக ஓட விட்டுப் பார்த்த நேரம் தன் கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸுக்கு எழுத வேண்டிவரும் என்றார். மிரட்டுகிறாராம். நாளைக்குப் புதன், கடைசிப் பீரியட் இருக்கிறதே, முடித்துவிடலாம் என்று கௌசிகன் பட்டியல் போட்டுவிட்டான். யார் கேட்டைத் திறப்பது, யார் ரோட்டில் நின்று சைக்கிளை நிறுத்துவது, எல்லாம். வகுத்தல் பாடம் இன்னும் பாதியில் நிற்கிறது. அதைப் பற்றி யாருக்காவது கவலை இருக்கிறதா?

இப்போது சொல்லுங்கள் அம்மா, அந்த மனிதர் அப்படிப் பேசினது சரியா? என்ன, சிரிக்கிறீர்கள்?

ஆ, ஆவரங்குளம் வந்துவிட்டது. நான் இங்கே இறங்க மாட்டேன், என் வீடு டவுனில். பிள்ளைகள்தான் இறங்குகின்றன. கௌசிகா, ஷூவை வாங்கிக்கோ. நேரா வீட்டுக்குப் போகணும். கண்டக்டர் சார், மெதுவா, அந்த மூட்டைகளை இறக்கிட்டே போகலாம், ஒண்ணும் அவசரமில்ல.

அதோ தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் நிற்கிறது பாருங்கள், அவள் அம்மா இறங்குகிறாள். இவளும் பார்த்துவிட்டாள். ஏட்டி மாரி! ஏ மாரி, ஓடா...

அம்மா, உங்கள் கைக்கடிகாரத்தில் விநாடி முள் இருக்கிறதா? கொஞ்சம் பாருங்களேன், அந்தத் தொட்டி வரைக்கும். எனக்கு ஜன்னல் கம்பி மறைக்கிறது. சத்தமாக எண்ணுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.